நிலம் திருத்தும் முன் தேனீக் கூடுகளை உயிரோடு இடம் மாற்ற வேண்டும், 24 நாள்தான் இருக்கிறது

வேலியோரம் எழுதியது:

வணக்கம். அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்ப நிலம் 6 ஏக்கர், 20 வருடத்துக்கு மேல் யாரும் கைவைக்காமல் புதரும் மரமுமாக வளர்ந்து கிடந்தது. இப்போது பங்கு பிரித்ததில் ஒரு பகுதியில் கட்டடம் வரப்போகிறது. பொக்லைன் வருவதற்கு இன்னும் 24 நாள்தான். போன வாரம் எல்லைக்கல் தேடப் போனபோதுதான் உள்ளே எத்தனை தேனீக் கூடுகள் இருக்கின்றன என்று பார்த்தேன்.

ஒரு பழைய மரத்தின் அடியில், இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. அதில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. இன்னொரு மரம் மிக உயரம், அதன் மேல் கிளைகளில் முறம் அளவுக்குக் கறுப்பாக 3 கூடுகள் தொங்குகின்றன. பக்கத்துப் புதரில் ஒரு கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவில் சின்னதாக ஒன்று. அப்புறம் இடிந்த மோட்டார் அறைச் சுவரில் ஒரு விரிசல், அதிலிருந்து குழாய் மாதிரி மெழுகு நீட்டிக்கொண்டிருக்கிறது, கொசு அளவுக்குக் கறுப்புப் பூச்சிகள் அதன் வழியே நுழைகின்றன. இதுவும் தேனீதானா?

வேலை எடுத்திருப்பவர் "ராத்திரி வந்து தீப்பந்தம் காட்டினால் எல்லாம் முடிந்துவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 20 வருடம் நாங்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் அவைதான் குடியிருந்திருக்கின்றன. கொல்லாமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? எங்கள் நிலத்தின் மறுபாதி அப்படியே மரங்களோடு இருக்கப்போகிறது, 4 கிலோமீட்டர் தள்ளி உறவினர் தோட்டம் ஒன்றும் இருக்கிறது. நான் தேனீ வளர்த்ததே இல்லை, ஆனால் சொல்வதைச் சரியாகச் செய்வேன்.

—

சட்டமும் அடையும் எழுதியது:

நல்ல வேளை, 24 நாள் முன்னாலேயே கேட்டீர்கள். பெரும்பாலும் இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் எனக்குப் போன் வரும். நான் 17 வருடமாகத் தேனீ வளர்க்கிறேன், பொந்திலிருந்து கூடு எடுத்துத் தரும் வேலையும் செய்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு வேறு வகைத் தேனீக்கள், ஒன்றுக்குச் செய்வதை மற்றொன்றுக்குச் செய்தால் அது செத்துப்போகும், இல்லையென்றால் உங்களுக்கு ஆபத்து. பொந்தில் இருப்பது அடுக்குத் தேனீ, இருட்டில் பல அடைகளை வரிசையாகக் கட்டும், பெட்டியில் வளர்க்கக்கூடியது. மரத்தில் தொங்குவது மலைத்தேனீ, ஒற்றைப் பெரிய அடைதான் கட்டும், பெட்டிக்கு வரவே வராது. புதரில் இருப்பது கொம்புத் தேனீ. சுவரில் இருப்பது கொசுத்தேனீ, கொடுக்கு இல்லாதது, ஆனால் அதுவும் தேனீதான்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது பொந்துக் கூடு, அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். வெளியில் வேலைக்குப் போகும் தேனீக்கள் தங்கள் வாசல் இருக்கும் இடத்தைச் சுற்றுப்புற அடையாளங்களோடு மனப்பாடமாக வைத்திருக்கும். கூட்டைத் தூக்கி 200 மீட்டர் தள்ளி வைத்தால் அடுத்த நாள் அத்தனையும் பழைய இடத்துக்கே போய், அங்கே கூடு இல்லாமல் சுற்றிச் சுற்றிச் சாகும். அதனால்தான் "நகர்த்தினால் 3 அடிக்குள், இல்லையென்றால் 3 மைலுக்கு மேல்" என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வது. அது பெரிய இத்தாலியத் தேனீக்குச் சொன்ன கணக்கு. அடுக்குத் தேனீ அவ்வளவு தூரம் போவதில்லை, பெரும்பாலும் 1 கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் மேயும், அதிகம் போனால் 2. உங்கள் உறவினர் தோட்டம் 4 கிலோமீட்டர் என்பது சரியான தூரம். மறுபாதி நிலம் என்பது ஆசைக்குச் சரி, இந்தக் கூட்டுக்குச் சரிவராது.

எடுக்கும் முறை இது. மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள், நடுப்பகலில் மெழுகு இளகியிருக்கும், புது அடை கையில் எடுத்தவுடனே மடிந்து விழுந்து புழுக்களை நசுக்கும். பொந்து வாயில் லேசாகப் புகை, சூடில்லாத வெண்புகை. ஒரு தேனீ கொட்டியதும் ஒரு வாசனை வரும், வாழைப்பழ வாசனை மாதிரி, அதை முகர்ந்துதான் மற்றவை ஓடி வருகின்றன, புகை அந்த வாசனையை மறைக்கிறது. கூடவே தேனீக்கள் தீ வந்துவிட்டதோ என்று தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், வயிறு நிறைந்த தேனீ அவ்வளவாகச் சண்டைக்கு வராது. பொந்தைப் பெரிதாக்கி அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுங்கள். புழு அடை முக்கியம், தேன் அடை அல்ல. புழு அடையைப் பெட்டிக்குள் மாட்டும் மரச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, மரத்தில் எது மேலே இருந்ததோ அது சட்டத்திலும் மேலே இருக்கும்படி வைத்து, நூலாலோ நாராலோ கட்டுங்கள். சில நாளில் தேனீக்களே மெழுகு வைத்து ஒட்டி, கட்டிய நூலைக் கடித்து வெளியே தள்ளிவிடும். ஒழுகும் தேன் அடையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எறும்பு வரும், வேறு கூட்டுத் தேனீ கொள்ளையடிக்க வரும், அந்தக் களேபரத்திலேயே கூடு ஓடிவிடும்.

ராணியைப் பார்த்தால் பதறாமல் சின்னக் கூண்டில் பிடித்துச் சட்டங்களுக்கு நடுவே வையுங்கள். கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டி வாசலைக் கவனியுங்கள். தேனீக்கள் வாசலில் நின்று பின்பக்கத்தைத் தூக்கி இறக்கையை விசிறினால் "இங்கே வாருங்கள்" என்று மற்றவற்றுக்கு வாசனை அனுப்புகின்றன என்று அர்த்தம். ராணி உள்ளே வந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த காட்சி அதுதான், ஒரு மணி நேரமாகக் குழம்பிப் பறந்தவை ஒரே நிமிடத்தில் திசை கண்டுபிடித்து அணிவகுத்து உள்ளே நடக்கும்.

பெட்டியைப் பொந்துக்குப் பக்கத்திலேயே இருட்டும்வரை விடுங்கள், வெளியே போனவை எல்லாம் திரும்பி வரட்டும். பிறகு வாசலைக் கம்பி வலையால் மூடுங்கள், பலகையால் மூடாதீர்கள். உள்ளே புழு இருக்கும் இடத்தை அவை எப்போதும் ஏறத்தாழ 34, 35 டிகிரியில் வைத்திருக்கும், காற்று அடைத்துவிட்டால் பதற்றத்தில் சூடு ஏறி மெழுகு உருகி மொத்தக் கூடும் ஒரே இரவில் போய்விடும். வண்டியில் வைக்கும்போது சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு நேராக இருக்கட்டும், அப்போதுதான் பிரேக் போட்டாலும் அடைகள் ஒன்றோடொன்று மோதாது.

புது இடத்தில் வைத்ததும் வாசலுக்கு முன்னால் இலையோடு ஒரு கிளையைச் சாய்த்து வைத்துவிட்டு, விடியும் முன் வலையை எடுங்கள். வெளியே வரும் தேனீ கிளையில் தட்டி நின்று, இடம் மாறிவிட்டது என்று உணர்ந்து, வாசலைப் பார்த்தபடி வட்டமடித்துப் புது இடத்தைப் படித்துக்கொள்ளும்.

—

மரம்வெட்டி எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அடுக்குத் தேனீயிடம் இருக்கும் பெரிய பிரச்சினை, தொந்தரவு செய்தால் புழு, தேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். அடை அடையாக அறுத்துப் புதுப் பெட்டியில் கட்டுவதைவிடப் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. எப்படியும் அந்த மரம் வெட்டப்படத்தானே போகிறது? அப்படியென்றால் பொந்து இருக்கும் துண்டை மட்டும் முழுசாக அறுத்து, கூட்டை மரத்தோடு கொண்டுபோங்கள். அதன் வீடு அதனோடே வரும்.

நான் பெரிய மரங்கள் வெட்டும் வேலையில் இருக்கிறேன், இப்படிச் சில துண்டுகள் இறக்கியிருக்கிறேன். முதல் தடவை யாரும் சொல்லித்தரவில்லை, பொந்து இருப்பதே தெரியாமல் மரத்தைச் சாய்த்துவிட்டேன். விழுந்த வேகத்தில் உள்ளே எல்லா அடையும் நொறுங்கி, தேனில் மூழ்கிய தேனீக்கள் மரத்தூளில் ஊர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு மரத்தில் கைவைக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பொந்து தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

செய்ய வேண்டியது: மரத்தைச் சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிப் பாருங்கள். வெற்று ஓசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுண்ணாம்பால் கோடு போடுங்கள். இரவில் மரத்தில் காதை வைத்தால் இரைச்சல் எந்த உயரத்தில் அதிகம் என்பதும் தெரியும். ஓசை மாறும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் அரை மீட்டர் விட்டு அறுக்க வேண்டும். முந்தைய இரவே வாயை வலையால் மூடிவிடுங்கள், வேறு ஓட்டைகள் இருக்கும், அவற்றையும் தேடி மூடுங்கள். அறுப்பு விடிகாலையில். முதலில் கிளைகள், பிறகு மேல்பாதி, கடைசியாகப் பொந்துத் துண்டு. சாய்க்கக் கூடாது, பெல்ட் போட்டுத் தூக்கி நின்ற வாக்கிலேயே இறக்க வேண்டும். எந்தப் பக்கம் மேல், வாசல் எந்தத் திசை என்று குறியிட்டு, புது இடத்திலும் அப்படியே நிறுத்தி, மேலே மழை இறங்காமல் பலகை மூடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பொந்து மரம் அறுக்கும்போது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்ல முடியாது, இதை அனுபவம் இல்லாதவர் செய்யவே கூடாது. ரம்பத்தின் அதிர்வு தேனீக்களைக் கோபப்படுத்தும், வலை மூடியிருந்தாலும் அறுப்பவர் முழு உடையில் இருக்க வேண்டும்.

—

சட்டமும் அடையும் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், துண்டாக எடுக்க முடிந்தால் அதுதான் மேல். சுவருக்குள்ளோ கிளை பிரியும் இடத்திலோ இருந்தால் மட்டும் அடை அறுக்கும் முறை. பிற்பாடு அவர் பெட்டிக்கு மாற்ற விரும்பினால், கூடு நன்றாக வேரூன்றிய பிறகு நிதானமாக மாற்றலாம்.

பெட்டி முறையில் போனால் ஓடிப்போவதைத் தடுக்க வாசலில் ராணித் தடுப்பு வையுங்கள். வேலைக்காரத் தேனீ நுழையும், ராணியின் உடல் பெரிது என்பதால் அதனால் வெளியே போக முடியாது, ராணி இல்லாமல் கூட்டம் நிரந்தரமாகக் கிளம்பாது. ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஆண் தேனீக்களும் அதில் மாட்டிக்கொண்டு வாசலை அடைக்கும்.

—

சின்னக்குழல் எழுதியது:

சுவரில் இருக்கும் கொசுத்தேனீயைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே, அதற்குத்தான் இந்த நான்கில் உங்கள் உதவி அதிகம் தேவை. மற்ற மூன்றும் தொந்தரவு வந்தால் ராணியோடு பறந்து போய் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். கொசுத்தேனீயில் முட்டையிடும் ராணியின் வயிறு பெருத்துவிடும், அதனால் பறக்கவே முடியாது. சுவரை இடித்தால் அந்தக் கூடு அங்கேயே முடிந்தது, தப்பிக்க வேறு வழியே கிடையாது.

முடிந்தால் சுவரை உடைத்துக் கூட்டை எடுக்காதீர்கள். கூடு இருக்கும் பகுதியைச் சுற்றிச் செங்கல்களைத் தளர்த்தி, அந்தக் கட்டியை மொத்தமாகப் பெயர்த்து எடுக்கப் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் வரும், சிமெண்ட் என்றால் கஷ்டம். மாலையில் எல்லாம் உள்ளே போன பிறகு குழலை வலைத்துணியால் மூடுங்கள்.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே இரண்டு விதமான உருண்டைகள் இருக்கும். பெரிய பானைகள் மாதிரி இருப்பவை தேனும் மகரந்தமும். நடுவில் கொத்தாக, சின்னச் சின்ன முத்துகள் மாதிரி ஒரே அளவில் இருப்பவை குஞ்சு அறைகள். இந்தக் கொத்தைத் தலைகீழாகத் திருப்பவே கூடாது. ஒவ்வொரு அறையிலும் திரவ உணவு ஊற்றி அதன் மேல் ஒரு முட்டை மிதக்கிறது, கவிழ்த்தால் முட்டை அதிலேயே மூழ்கிவிடும். ஒரு அகலமான கரண்டியால் கொத்தை எடுத்து, மூடி உள்ள சின்ன மரப்பெட்டியில் அதே வாக்கில் வையுங்கள். ராணியைக் கையால் பிடிக்காதீர்கள், ஒரு இலையை நீட்டினால் அதுவே ஏறிக்கொள்ளும். உடைந்த தேன் பானைகளைப் பெட்டியில் வைத்தால் தேன் வழிந்து குஞ்சுகளை மூழ்கடிக்கும், சின்ன ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். உடையாதவை மட்டும் ஓரமாகக் கொஞ்சம் போதும். பழைய வாசல் குழலைப் பிய்த்துப் புதுப் பெட்டியின் ஓட்டையில் ஒட்டிவிட்டால் தேனீக்கள் அந்த வாசனையில் வாசலைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

இவை அதிக தூரம் மேயாது, சில நூறு மீட்டர்தான். அதனால் உங்கள் நிலத்தின் மறுபாதியிலேயே, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கலாம். வேறு இடத்தில் 1 கிலோமீட்டர் தள்ளி வைக்க முடிந்தால் கவலையே இல்லை. பக்கத்தில்தான் இடம் என்றால் பெட்டியை முதலில் பழைய சுவர் ஓட்டை இருந்த இடத்திலேயே ஒரு வாரம் தொங்கவிட்டு, எல்லாம் குடியேறிய பிறகு இரவில் மூடிக் கொண்டுபோங்கள். 24 நாளில் இதற்கு நேரம் இருக்கிறது, ஆனால் நாளையே தொடங்க வேண்டும்.

—

வேலியோரம் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். வெற்று ஓசை தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொடங்கி என் தோள் உயரம் வரை வருகிறது. மரம் 2 அடிக் குறுக்களவு. மரம் அறுக்கும் அனுபவசாலி ஒருவரைப் பேசிவிட்டேன், பொக்லைன்காரர் ஒரு நாள் முன்னால் வந்து பெல்ட்டில் தூக்கித் தர ஒத்துக்கொண்டார்.

மோட்டார் அறைச் சுவர் சுண்ணாம்புதான், கையால் சுரண்டினாலே உதிர்கிறது. கொம்புத் தேனீயையும் மலைத்தேனீயையும் என்ன செய்வது? மலைத்தேனீதான் எனக்குப் பயம். நேற்று கீழே நின்று பார்த்தபோது ஒரு பருந்து தாண்டிப் போனது, மூன்று கூடுகளிலும் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடியது.

—

உயரக்கிளை எழுதியது:

அந்த அலைதான் முதல் எச்சரிக்கை. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுகின்றன, குளவியையும் பறவையையும் விரட்ட. அதற்கு அடுத்த கட்டம் தாக்குதல். மலைத்தேனீ மற்றத் தேனீ மாதிரி வாசலில் இரண்டு கொட்டு கொட்டிவிட்டு நிற்காது, கூட்டமாகத் துரத்தும், வெகுதூரம் துரத்தும். தயவுசெய்து இந்த மூன்று கூடுகளை இடம் மாற்ற முயற்சி செய்யாதீர்கள். முடியாது. திறந்த வெளியில் ஒற்றை அடையில் வாழ்வது அதன் இயல்பு, அடையை அறுத்து வேறு கிளையில் கட்டினால் தங்காது.

ஆனால் அதற்கு இடம் மாற்றவே தேவையில்லை. மலைத்தேனீ ஊர்விட்டு ஊர் போகும் தேனீ. பூக்காலம் முடிந்ததும் அடையைக் காலியாக விட்டுவிட்டுத் தானே கிளம்பிவிடும், 100, 200 கிலோமீட்டர் கூடப் போகும். பைனாகுலரில் தினமும் பாருங்கள். அடையை மூடியிருக்கும் தேனீத் திரை மெலிந்து, ஓரங்களில் மெழுகு வெளியே தெரிகிறதா, கிளையை ஒட்டிய தடித்த தேன் பகுதி சுருங்கிவிட்டதா, மகரந்தம் சுமந்து வருபவை குறைந்தனவா? அப்படியென்றால் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. 24 நாளில் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதனால் வேலை எடுத்தவரிடம் பேசி அந்த மரத்தைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுங்கள். மற்ற மரங்களையும் அதைச் சுற்றி 100 மீட்டருக்கு விட்டுவிடுங்கள், இயந்திர இரைச்சலும் அதிர்வும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும், கிளப்பிவிட்டால் கண்ணாடி மூடாத வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், தேனீக்காக இல்லாவிட்டாலும் தன் ஆளுக்காகக் கேட்பார்.

தீப்பந்தம் பற்றி. இரவில் தீ காட்டினால் தேனீக்கள் வெளிச்சத்தை நோக்கி விழும், இறக்கை கருகித் தரையில் ஊரும், மிதிப்பவரைக் கொட்டும். அடையில் இருக்கும் புழு முழுவதும் சாகும். மிச்சம் இருப்பவை விடிந்ததும் அதே கிளையில் கொத்தாக, முன்னைவிடக் கோபமாக உட்கார்ந்திருக்கும். நிலா வெளிச்ச இரவுகளில் மலைத்தேனீ பறந்து மேயவே செய்யும், அதனால் "ராத்திரி தூங்கிக்கொண்டிருக்கும்" என்ற கணக்கும் தப்பு. மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் அதைவிட மோசம், விஷம் பட்ட தேனை மற்றத் தேனீக்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் கூட்டையும் கெடுக்கும்.

இன்னொன்று கேட்கிறேன், முடிந்தால் யோசியுங்கள். அந்த மரம் கட்டடத்துக்குக் குறுக்கே வருகிறதா, அல்லது "எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம்" என்பதில் சேர்ந்து போகிறதா? மலைத்தேனீ அடுத்த பருவத்தில் அதே மரத்துக்கு, பல சமயம் அதே கிளைக்குத் திரும்பி வரும், அதே கூட்டம்தான் வந்தது என்று மரபணுப் பரிசோதனையிலும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மரம் போனால் 3 கூட்டத்தின் வருகிற வருட வீடும் போகிறது. ஆள் நடமாடும் இடத்துக்கு மிக அருகில் என்றால் விட முடியாது, அது எனக்கும் தெரியும். தூரம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கொம்புத் தேனீ எளிது. அந்தி சாய்ந்த பிறகு, அடை இருக்கும் கிளையை இரண்டு பக்கமும் நீளமாக விட்டு வெட்டுங்கள். அடைக்கு இருபுறமும் கிளையில் பிசுபிசுவென்று பிசின் வளையம் போட்டிருக்கும், எறும்பு ஏறாமல் இருக்க அவையே போட்டது, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். கிளையைத் திருப்பாமல், அதே சாய்வில் நிழலான புதருக்குள் கட்டுங்கள். சின்னக் கூடு, ஒரு மெல்லிய துணியால் மூடி எடுத்துப் போகலாம். இதுவும் ஓடிப்போகக்கூடியது, ஓடினாலும் வருத்தப்படாதீர்கள், பக்கத்திலேயே வேறு கிளையில் கட்டும், பழைய அடையிலிருந்து மெழுகைச் சுமந்துபோய்ப் புது அடைக்குப் போடும். அதனால் காலி அடையை ஒரு வாரம் அப்படியே விடுங்கள்.

—

வெள்ளைமுகவலை எழுதியது:

நான் தேனீ நிபுணர் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு தடவை வேலி வேலையின்போது என் கூட நின்றவருக்கு 2 கொட்டுதான் பட்டது. 10 நிமிடத்தில் உதடும் நாக்கும் வீங்கி மூச்சுவிட முடியாமல் விழுந்துவிட்டார். அவருக்கு அலர்ஜி இருந்தது அதுவரை அவருக்கே தெரியாது. மருத்துவமனை பக்கத்தில் இருந்ததால் அட்ரினலின் ஊசி போட்டுப் பிழைத்தார்.

வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முன்னால் கேளுங்கள், இதற்கு முன் கொட்டியபோது மூச்சு முட்டியதா, உடம்பெல்லாம் தடித்ததா என்று. ஆம் என்றால் அவர் அன்று அங்கே வேண்டாம். ஒரு வண்டி சாவியோடு தயாராக நிற்கட்டும். கொட்டினால் கொடுக்கை உடனே எடுங்கள், நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடுங்கினாலும் சரி, முறை முக்கியமில்லை, வேகம்தான் முக்கியம், அது தோலில் இருக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். கூட்டம் துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, மூடிய அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ போங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், மேலே காத்திருக்கும். பல பத்துக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

இரவு வேலைக்கு நெற்றி விளக்கு வேண்டாம், வெளிச்சத்தைப் பார்த்துத் தேனீ முகத்துக்கு வரும். சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேனீக்குச் சிவப்பு தெரியாது.

—

மண்வாசல் எழுதியது:

கூடு கட்டும் தேனீக்களுக்கு எல்லாரும் பதில் சொல்லிவிட்டீர்கள், நிலத்துக்குள் இருப்பவற்றுக்காக ஒரு வார்த்தை. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை தனித்தனியாக மண்ணில் துளையிட்டு வாழ்பவை. புல் இல்லாத வெற்று மண் திட்டில், நடுவில் ஓட்டையோடு சின்னச் சின்ன மண் குவியல் பார்த்தீர்களா? இவற்றை இடம் மாற்ற முடியாது. அந்தத் திட்டு கட்டட எல்லைக்கு வெளியே இருந்தால் குச்சி நட்டுக் கயிறு கட்டி, இயந்திரம் ஏறாமலும் தோண்டிய மண்ணைக் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய காய்ந்த கட்டைகளில் சுண்டுவிரல் அளவு வட்ட ஓட்டை இருந்தால் எரிக்காதீர்கள், உள்ளே கறுப்புத் தச்சுத் தேனீயின் புழு இருக்கும், மறுபாதி நிலத்தில் நிழலில் அடுக்கி வையுங்கள்.

அப்புறம், இந்த வேலைக்கு அனுமதி வேண்டுமா என்று உங்கள் பகுதி வனத்துறையிடமோ வேளாண் அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், விதி இடத்துக்கு இடம் மாறும்.

—

வேலியோரம் எழுதியது:

27 நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

கொசுத்தேனீயை முதலில் செய்தோம். ஏழு செங்கல் ஒட்டிய கட்டியாகப் பெயர்ந்து வந்தது, கூடு உள்ளே முழுசாக இருந்தது. ஒரு மரப்பெட்டியில் வைத்து, அதே இடத்தில் 8 நாள் விட்டு, பிறகு நிலத்தின் மறுகோடியில் கூரை போட்டு வைத்தோம். இரண்டு நாள் கொஞ்சம் தேனீக்கள் பழைய சுவரைச் சுற்றின, மூன்றாம் நாள் இல்லை. கொம்புத் தேனீ ஓடிவிட்டது. நான் கிளையைக் கட்டிய இடத்தில் மதிய வெயில் படும் என்பதைக் கவனிக்கவில்லை, அது என் தவறு. நான்காம் நாள் பக்கத்துப் புதரில் புதிதாகக் கட்டத் தொடங்கியதைப் பார்த்தேன், காலி அடையில் இரண்டு மூன்று தேனீக்கள் மெழுகு கிள்ளிக்கொண்டிருந்தன.

பொந்துத் துண்டை விடிகாலை 5 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு இறக்கினோம். ஒரு சின்ன விரிசலை மூட மறந்திருந்தோம், அறுத்தவருக்கு உடைக்கு மேல் நிறைய, கையுறைக்குள் ஒன்று. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. உறவினர் தோட்டத்தில் நிறுத்திக் கிளை சாய்த்து வைத்தோம். முதல் இரண்டு நாள் வாசலில் நடமாட்டமே குறைவு, போய்விட்டது என்று நினைத்தேன். அங்கே அப்போது பூ குறைவு என்று உறவினர் சொன்னதால் சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து அந்தியில் மட்டும் பக்கத்தில் வைத்தோம். ஐந்தாம் நாள் காலை பின்னங்காலில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒன்று நுழைந்தது, பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

மலைத்தேனீயில் ஒரு கூடு 19ஆம் நாள் காலியானது. மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன. வேலை எடுத்தவரிடம் உயரக்கிளை சொன்னதை அப்படியே சொன்னேன், இயந்திரம் ஓட்டுபவரே "அந்தப் பக்கம் நான் வரமாட்டேன்" என்றார். வரைபடத்தை எடுத்துப் பார்த்ததில் அந்த மரம் கட்டடத்துக்கு 130 மீட்டர் தள்ளி, வேலி ஓரத்தில் வருகிறது. என் பெரியப்பாவிடம் பேசி மரத்தை விடுவது என்று முடிவாகியிருக்கிறது, அதைச் சுற்றி 100 மீட்டருக்கு மற்ற மரங்களையும் இப்போதைக்குத் தொடவில்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பொந்துத் துண்டின் மேல் பலகைக்கும் மரத்துக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி இருக்கிறது, சின்ன எறும்புகள் ஏறுவதைப் பார்த்தேன். அதைக் களிமண்ணால் பூசலாமா?

—

சட்டமும் அடையும் எழுதியது:

பூசுங்கள், களிமண்ணோடு கொஞ்சம் சாணி சேர்த்தால் வெடிக்காது. துண்டை நான்கு கல் மேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு கல்லும் தண்ணீர்த் தட்டில் நிற்கும்படி செய்யுங்கள். 300 கிலோ இருக்கும், அதனால் நெம்புகோல் போட்டு ஒரு பக்கமாக மெதுவாகத் தூக்குங்கள், சாய்வு அதிகம் வேண்டாம். தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.